முறைசாரா என்றால் முறை இல்லாததா?

அண்ணன் மகள் எட்டாவது படிக்கிறாள். ஆங்கிலத் தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி புத்தகத்தோடு வந்து, "அத்தை, இன்ஃபார்மல் லெட்டர்னா என்ன?" என்றாள். அம்மாவுக்கோ தோழிக்கோ எழுதுற கடிதம் என்றேன். "அது தெரியும். இன்ஃபார்மல்னா தமிழ்ல என்ன?" கைபேசியில் தட்டிப் பார்த்தேன், 'முறைசாரா' என்று வந்தது, அதையே சொன்னேன். அவள் போய்த் தன் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அதே மாதிரிக் கடிதத்துக்கு அங்கே போட்டிருந்த தலைப்பு 'உறவுமுறைக் கடிதம்'. "இதுல முறைன்னு போட்டிருக்கு, நீ முறை இல்லைன்னு சொல்ற. எது சரி?"

அன்றைக்கு ஏதோ சொல்லித் தூங்க அனுப்பிவிட்டேன். ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. தினமும் பத்து இடத்தில் நாம் புழங்குகிற சொல் இது. ஆபீஸில் இன்ஃபார்மல் மீட்டிங், செய்தித்தாளில் முறைசாராத் தொழிலாளர், வாட்ஸப்பில் இன்ஃபார்மல் கெட்-டுகெதர். ஒவ்வொரு இடத்திலும் அது வேறு வேறு பொருளில் வருகிறது, நாம் எல்லாவற்றுக்கும் ஒரே மொழிபெயர்ப்பைப் போட்டு மூடிவிடுகிறோம்.

அந்தக் கடிதத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். அலுவலகக் கடிதம் என்றால் விடுநர், பெறுநர், பொருள், ஐயா, இடம், நாள், கையெழுத்து என்று வரிசை உண்டு. வீட்டுக் கடிதத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது என்று நினைக்கிறவர்கள் பழைய இன்லேண்டு லெட்டர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். யாருக்கு எழுதுகிறோமோ அவர் நமக்கு என்ன முறை என்பதைப் பொறுத்து முதல் வரி மாறும். பெரியவர் என்றால் நமஸ்காரம், சின்னவர் என்றால் ஆசீர்வாதம். 'நலம், நலமறிய ஆவல்' வந்த பிறகுதான் விஷயம் வரும். 'மற்றவை நேரில்' என்று முடியும். கல்யாணச் செய்தி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். சாவுச் செய்தி வந்த கடிதத்தை என் பாட்டி வீட்டுக்குள் கொண்டுவர விட்டதில்லை, வாசலிலேயே நின்று படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அங்கேயே கிழித்துப் போடச் சொல்வாள். இதை யாரும் வகுப்பில் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, ஆனால் ஒரு மூலையில் மஞ்சள் விட்டுப்போனால் உடனே கேள்வி வரும். ஆக, இன்ஃபார்மல் லெட்டரை 'உறவுமுறைக் கடிதம்' என்று எழுதிய பாடப் புத்தகக்காரர் யாராக இருந்தாலும் விஷயம் தெரிந்தவர்.

ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது லத்தீன் 'ஃபார்மா', அதாவது வடிவம். விதிப்படியான வடிவத்துக்குள் வருவது ஃபார்மல், அதற்கு வெளியே நிற்பது இன்ஃபார்மல். தமிழில் 'முறை' என்று போடும்போதுதான் சிக்கல் வருகிறது, ஏனென்றால் முறை என்பது வடிவம் என்பதைவிட ரொம்பப் பெரிய சொல். ஒழுங்கு முறைதான், நியாயமும் முறைதான், அதனால்தான் முறையிடுகிறோம், முறைகேடு என்கிறோம். "அவர் உனக்கு என்ன முறை வேணும்?" என்றால் சொந்தம். முறைப்பெண், முறைமாமன், தாய்மாமன் செய்ய வேண்டிய முறை. மூன்று முறை என்றால் மூன்று தடவை. ஏரித் தண்ணீரை முறைவைத்து விடுவது என்றால் இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல். சென்னையில் ஒண்டுக் குடித்தனங்களில் இருந்தவர்களுக்கு முறைவாசல் தெரியும்: பொது வாசலை ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் முறை வரும்போது பெருக்கித் தண்ணீர் தெளிக்க வேண்டும். இப்போது அதற்கு ஆள் வைத்து மாதக் காசாக வாங்கிக்கொள்கிறார்கள், பெயர் மட்டும் மாறாமல் நிற்கிறது.

இதில் எதுவும் அரசாங்கப் பதிவில் கிடையாது. ஆங்கிலக் கணக்கில் பாதிக்கு மேல் இன்ஃபார்மல். தமிழ்க் கணக்கில் எல்லாமே முறை. அப்புறம் இதை எப்படி முறைசாரா என்று சொல்வது?

உடையில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. துணிக்கு நாம் இன்ஃபார்மல் என்று சொல்வதே அபூர்வம், கேஷுவல் என்போம். 'ஃபார்மல்ஸ்' என்பது சட்டையை உள்ளே விட்டு ஷூ போடுவதற்கான பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது, "நாளைக்கு இன்டர்வியூ, ஃபார்மல்ஸ் போட்டுட்டுப் போ" என்கிறோம். ஆனால் எது ஃபார்மல் என்று முடிவு செய்வது யார் என்ற கேள்வி இங்கேயும் உண்டு. 2014-ல் சென்னையில் ஒரு கிளப் நிகழ்ச்சிக்கு வேட்டி கட்டிக்கொண்டு போன உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. கல்யாணத்துக்கும் கோவிலுக்கும் பதவியேற்புக்கும் கட்டுகிற உடை அந்த வாசலில் மட்டும் விதிக்குள் வரவில்லை. அதே ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம், வேட்டி கட்டி வருகிறவரை இப்படித் தடுக்கக் கூடாது என்று சட்டமே போட வேண்டிவந்தது.

பேச்சில்தான் விஷயம் நிறைய இருக்கிறது. ஆங்கிலத்தில் இன்ஃபார்மலாகப் பேசு என்றால் நடையும் தளர வேண்டும், நெருக்கமும் தெரிய வேண்டும், இரண்டும் ஒன்றாகவே வரும். தமிழில் இவை தனித்தனி. எழுத்து நடை, பேச்சு நடை என்பது ஒரு கணக்கு. மரியாதை, உரிமை என்பது இன்னொரு கணக்கு. "வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா" என்பதில் எழுத்துத் தமிழ் ஒரு துளி இல்லை, சுத்தமான பேச்சு, ஆனால் அதில் முழு மரியாதை இருக்கிறது. கொங்குப் பக்கம் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' ஒட்டிக்கொள்ளும், சின்னப் பையனிடம்கூட "சரிங்க" என்பார்கள். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் சாமி கும்பிடும் பாட்டுகள். மொழியிலேயே உயரமான நடை அதுதான், ஆனால் அங்கே கடவுள் 'நீ'. என் அண்ணன் மகள் என்னிடம் "நீ சொல்ற" என்றாளே, அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. அவளுடைய அப்பாவிடம் பேசும்போது மட்டும் அவளுக்கு 'நீங்க'தான் வரும். யாழ்ப்பாணத்தில் நீ-க்கும் நீங்கள்-க்கும் நடுவில் 'நீர்' என்று இன்னொரு படி புழக்கத்தில் உண்டு. இத்தனை படிகளையும் 'இன்ஃபார்மல்' என்ற ஒரே பெட்டியில் போட்டால் மொழி கற்றுக்கொள்ள வருகிறவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் பேச்சுத் தமிழைக் கற்கும்போது, பேச்சுத் தமிழ் என்றாலே நீ, வா, போ என்று எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து பெரியப்பாவிடம் "நீ எங்க போற?" என்று கேட்டுவிடுவது இதனால்தான்.

ஐடி கம்பெனிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சேர்ந்த முதல் நாளே 'சார் வேண்டாம், எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்க, இங்க எல்லாம் இன்ஃபார்மல்' என்று சொல்லிவிடுவார்கள். ஆங்கிலத்தில் பேசும்போது மேனேஜரை வெறும் பெயரால் கூப்பிடுகிற அதே பையன், டீ குடிக்கப் போகும் இடத்தில் தமிழுக்கு மாறினால் பெயரைச் சொல்லிவிட்டு 'சொல்லுங்க' என்று முடிப்பான். பெயருக்கு அவர்கள் விதி, வினைச்சொல்லுக்கு நம் முறை.

ஆபீஸில் வரும் இன்னொரு இன்ஃபார்மலைப் பற்றிக் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "இன்ஃபார்மலா சொல்றேன்" என்றால் அங்கே பொருள் ஒன்றே ஒன்று: எழுத்தில் தர மாட்டேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், அம்மாவுக்கு ஆபரேஷன் என்று மூன்று வாரம் லீவு கேட்டபோது, "போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன், மெயில் எல்லாம் வேண்டாம்" என்று மேலதிகாரி சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று இப்போதும் நம்புகிறேன். நான் திரும்பி வருவதற்குள் அவர் வேறு கிளைக்கு மாற்றலாகிவிட்டார், புதிதாக வந்தவர் கையில் பதிவேடு மட்டும்தான் இருந்தது, அந்த மூன்று வாரத்துக்குச் சம்பளம் பிடித்தார்கள். வாய் வார்த்தை இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறவரைக்கும் செல்லும். ஒருவர் நகர்ந்துவிட்டால் அதற்குச் சாட்சி இல்லை. இந்த இடத்தில் 'முறைசாரா' என்பதைவிட 'வாய்மொழியாக' என்பதுதான் சரியான சொல், அது ஆபத்து எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே காட்டிவிடுகிறது.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருவோம். இன்ஃபார்மல் என்ற சொல் பொருளாதாரத்துக்குள் நுழைந்த கதை. கீத் ஹார்ட் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் 1960-களில் கானா நாட்டின் தலைநகர் அக்ராவில், நீமா என்ற குடிசைப் பகுதியில், வடக்கிலிருந்து பிழைக்க வந்தவர்களோடு தங்கி ஆய்வு செய்தார். பொருளாதாரப் புத்தகங்கள் அவர்களை வேலையில்லாதவர்கள் என்று கணக்கு வைத்திருந்தன. அவர் பார்த்ததோ, காலையில் ஒரு வேலை, சாயங்காலம் ஒரு வியாபாரம், நடுவில் கொடுக்கல் வாங்கல் என்று ஓயாமல் உழைக்கிறவர்களை. மாதச் சம்பளம், பதிவேடு, ஒப்பந்தம் என்ற வடிவத்துக்குள் வராத இந்த வருமானங்களுக்கு அவர் வைத்த பெயர்தான் இன்ஃபார்மல். 1971-ல் இங்கிலாந்தின் சசெக்ஸில் நடந்த மாநாட்டில் இதைப் பேசினார், கட்டுரை 1973-ல் அச்சில் வந்தது. அதற்குள் 1972-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கென்யாவைப் பற்றிய தன் அறிக்கையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்த, அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 'இவர்கள் சும்மா இருக்கவில்லை, உழைக்கிறார்கள், உங்கள் கணக்குதான் இவர்களைப் பார்க்கவில்லை' என்று சொல்வதற்காகப் பிறந்த சொல் இது. தமிழில் 'முறைசாரா' ஆனபோது, குறை கணக்கிலிருந்து நழுவி உழைக்கிறவர் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

2022-ல் நாங்கள் வீடு கட்டினோம். பதினான்கு மாதம் வேலை நடந்தது. ஒரு மேஸ்திரி, அவரோடு இரண்டு கொத்தனார், பெரியாள் என்கிற ஆண் கூலியாட்கள், சித்தாள் என்கிற பெண் கூலியாட்கள் என்று ஏழெட்டுப் பேர். யாரோடும் ஒப்பந்தம் கிடையாது, மேஸ்திரியின் சட்டைப் பையில் நாலாக மடித்த நாற்பது பக்க நோட்டு ஒன்று மட்டும்தான். ஆள் பெயர், அந்த நாள் முழு வேலையா அரை வேலையா, வாங்கின முன்பணம், எல்லாம் பென்சிலில். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு மணல் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நோட்டைப் பிரிப்பார், கணக்கில் ஒருநாளும் தகராறு வந்ததில்லை. பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ வீட்டுக்காரர் பொறுப்பு. நிலைவாசல் வைத்த அன்று தச்சருக்கு வேட்டி துண்டு, தட்டில் பழம் வெற்றிலை பாக்கு, பணம். கூரை காங்கிரீட் போட்ட அன்று எல்லாருக்கும் சாப்பாடு. இதையெல்லாம் செய்யாமல் விட்டால் வழக்குப் போட முடியாது, ஆனால் அந்த வட்டாரத்தில் அடுத்த வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். இந்த முறையில் அநியாயமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன்: பெரியாளுக்கு ஒரு நாளைக்கு 900 ரூபாய், அவர் போலவே கலவைச் சட்டியைத் தலையில் தூக்கி மாடி ஏறின சித்தாளுக்கு 650. ஏன் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "முறை அப்படித்தாங்கம்மா" என்றார்.

அந்தச் சித்தாள்களில் ஒருவர், வேலை முடிகிற சமயத்தில் ஒருநாள் சாரம் சரிந்து கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டார். மேஸ்திரி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார், கூட வேலை பார்த்தவர்கள் அந்த வாரச் சம்பளத்தில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்தார்கள், மருத்துவச் செலவை நாங்கள் ஏற்றோம். அவருக்கு நல வாரிய அட்டை இருந்தது, ஆனால் புதுப்பிக்காமல் விட்டிருந்தார். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லேயே வந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பிளானுக்கு அனுமதி வாங்கும்போதே கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதியாகக் கட்டினோம், ரசீது பத்திரமாக இருக்கிறது. அவர் பெயரைச் சொல்லி வாங்கின பணம் ஒழுங்காகப் பதிவாகிவிட்டது. அவர் பெயர்தான் பதிவில் இல்லை.

இது ஒருவர் இருவர் கதை இல்லை. 2004-ல் மத்திய அரசு அர்ஜுன் சென்குப்தா தலைமையில் அமைத்த ஆணையம், இந்தியாவில் உழைக்கிறவர்களில் சுமார் 92 சதவீதம் பேர் இந்த வகை என்று கணக்கிட்டது. 2018-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உலக அளவில் கணக்குப் போட்டபோது 200 கோடிப் பேர் வந்தார்கள், உழைப்பவர்களில் 61 சதவீதம். இவர்களுக்காக மத்திய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் என்ற இணையப் பதிவில் 30 கோடிக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். நூறில் தொண்ணூறு பேர் எப்படி வாழ்கிறார்களோ அதை 'முறை சாராதது' என்றும், மீதிப் பத்துப் பேர் வாழ்வதை முறை என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தவிர, இரண்டுக்கும் நடுவில் சுவர் எதுவும் கிடையாது. திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனியின் பெயர் தாங்கிப் போகிற பனியன், நடுவில் ஒரு சந்துக்குள் நாலு மிஷின் போட்ட ஜாப் ஒர்க் கடையில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கப்பட்டிருக்கும். பெரிய நிறுவனத்தின் கேட்டுக்குள்ளேயே பி.எஃப். இல்லாத காண்ட்ராக்ட் ஆட்கள் இருக்கிறார்கள். சென்குப்தா ஆணையம் அவர்களையும் அந்த 92-க்குள்தான் சேர்த்தது.

கொடுக்கல் வாங்கலிலும் இதே கதைதான். தெருவில் ஒரு அக்கா நடத்துகிற ஏலச்சீட்டு, இருபது பேர், இருபது மாதம், பதிவு கிடையாது. 1982-ன் சீட்டு நிதிச் சட்டம் அதை ஏற்காது, ஏமாற்றிவிட்டு ஓடினவர்களும் நிறைய, அதனால் கண்ணை மூடிக்கொண்டு பணம் போடாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அதற்கு விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். (இலங்கையில் இது தமிழைத் தாண்டிச் சிங்களத்துக்கும் போயிருக்கிறது, அங்கேயும் பெயர் சீட்டுதான்.) புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். வந்தவர் பெயர், ஊர், தொகை என்று எழுதிக்கொண்டே போவார்கள், இப்போது கம்ப்யூட்டரில் அடித்துக் கையில் ரசீதும் கொடுக்கிறார்கள். வாங்கின மொய்யை அவர் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வதற்குப் பெயர் என்ன தெரியுமா? முறை செய்வது.

அதனால் என் பக்கத்து முடிவு இது: எல்லா இன்ஃபார்மலுக்கும் ஒரே சொல்லைத் தேடுவதை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் எது இல்லையோ அதை நேராகச் சொல்லலாம். தமிழில் அதற்கு நல்ல முன்மாதிரிகள் ஏற்கெனவே இருக்கின்றன. 'பள்ளிசாராக் கல்வி' என்கிறோம், அங்கே இல்லாதது பள்ளிக்கூடம், கல்வி இருக்கிறது என்பது சொல்லிலேயே தெரிகிறது. 'அமைப்புசாராத் தொழிலாளர்' என்பதும் பரவாயில்லை. எனக்குப் பிடித்தது 1982-ல் தமிழ்நாடு போட்ட சட்டத்தின் பெயர், அது 'உடலுழைப்புத் தொழிலாளர்' சட்டம். என்ன இல்லை என்பதை விட்டுவிட்டு என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. ஹார்ட்டே பிற்காலத்தில், தான் வைத்த பெயர் இல்லாததைச் சொல்கிறதே தவிர இருப்பதைச் சொல்லவில்லை என்று ஒத்துக்கொண்டவர்தான். பதிவில்லாத சீட்டு, எழுத்தில் தராத உத்தரவு, பேச்சு நடை, உரிமையான பேச்சு, உறவுமுறைக் கடிதம். எல்லாம் ஏற்கெனவே வாயில் இருக்கிற சொற்கள்.

கால் கூடினபிறகு அந்தச் சித்தாள் அக்காவோடு அட்டையைப் புதுப்பிக்க நானும் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் வேலை பார்த்ததற்குச் சான்று கேட்டார். அக்கா மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்திருந்த நோட்டை எடுத்து நீட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அட்டை, உள்ளே பதினான்கு மாதமும் நாள் தவறாமல் பென்சிலில் அவர் பெயர். கவுன்ட்டர்காரர் பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் பார்த்தார், பிறகு இது செல்லாது, வேலை கொடுத்தவர் எழுதித் தர வேண்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் விடுநர், பெறுநர், பொருள் எல்லாம் வரிசையாகப் போட்டு எழுதினேன். 'மேற்கண்டவர் எங்கள் வீட்டுக் கட்டுமானத்தில் பதினான்கு மாதங்கள் சித்தாளாக வேலை செய்தார் என்பதை, வீட்டு உரிமையாளர் என்ற முறையில் சான்றளிக்கிறேன்.' அக்கா எட்டிப் பார்த்து, "என் பேருக்கு முன்னாடி திருமதின்னு போடும்மா" என்றார். போட்டேன்.